அழுகிற பிள்ளையை அடிக்கிறான் என்றால் இரக்கம் இல்லாதவனா?

பாறைக்காற்று – கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் வணக்கம். என் மகனுக்குப் பதினோரு வயது, ஆட்டிசம் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். வகுப்பில் யாராவது அழுதால் இவன் எழுந்து போய் அந்தப் பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்துவிடுகிறான். பலமாக இல்லை, ஆனாலும் அடி அடிதானே. போன வாரம் மறுபடி நடந்திருக்கிறது. இப்போது மலம்புழா சுற்றுலாவுக்கு அவனை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஒரு டீச்சர், நல்ல மனுஷிதான், என்னைத் தனியாக உட்கார வைத்து, "இவங்களுக்கு அடுத்தவங்க வலி தெரியாதும்மா. மூளையில அந்தப் பகுதி வேலை செய்யாது. நீங்கதான் மனசைத் தேத்திக்கணும்" என்றார். ஏதோ பயிற்சி வகுப்பில் கேட்டாராம். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், குடும்பக் குழுவில் மச்சினர் ஒரு குரல்பதிவு போட்டிருக்கிறார். அதிலும் இதே பேச்சு, கூடவே 'வளர்ந்தால் ஆபத்து' என்று ஒரு மிரட்டல்.

எனக்குத் தலைவலி வந்தால் இந்தப் பையன் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைப்பான். பாத்திரம் கழுவுகிற பாட்டியைப் பாதியில் நிறுத்தச் சொல்வான். அப்புறம் பக்கத்தில் உட்காரமாட்டான், போய்விடுவான். இதை எதில் சேர்ப்பது? அந்த மூளைக் கதை உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிர்வாகி

இங்கே இருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். பிள்ளையைத் திருப்பி இரண்டு வைக்கச் சொல்லும் ஆலோசனைகளுக்கு இங்கே இடமில்லை. மற்றவர்கள் தொடரலாம்.

மலைச்சாரல் – குமுளி

அக்கா, நான் சிறப்பு ஆசிரியை. வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கம் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளோடு வேலை. முதலில் ஒன்று கேட்கிறேன். அடிப்பதற்கு முன்னால் அவன் கை எங்கே இருக்கிறது? காதைப் பொத்துகிறானா? அழுகை நின்றதும் என்ன செய்கிறான்? வேறு எந்தச் சத்தத்துக்கு இப்படி ஆகிறது?

பாறைக்காற்று

காதைப் பொத்துவான், ஆமாம். மிக்ஸி போட்டால் தெருவுக்கே ஓடிவிடுவான். எங்கள் பக்கம் வேலா, உற்சவம் என்று கோயில் திருவிழாவுக்குச் செண்டை மேளம் வந்தால் அன்று முழுக்க அறையை விட்டு வெளியே வரமாட்டான். அழுகிற பிள்ளை நிறுத்திவிட்டால் இவனும் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறான் என்று டீச்சரே சொன்னார். கோபம் இருக்காதாம்.

மலைச்சாரல்

விடையில் பாதி அங்கேயே இருக்கிறது. சத்தத்தை நிறுத்த அவனிடம் இருக்கும் ஒரே வழி அது. அழுகை என்பது சத்தம் மட்டுமில்லை, அதற்குள் ஒரு பதற்றமும் இருக்கிறது. அந்தப் பதற்றம் அவனுக்கு அதிகமாகவே தொற்றுகிறது என்றுதான் நான் நினைப்பேன்.

இதை நானாகச் சொல்லவில்லை. 2007இல் கிம்பர்லி ராஜர்ஸ் என்பவரும் சகாக்களும் ஆஸ்பெர்கர் வகை (பேச்சுத் தாமதமோ அறிவுக் குறைபாடோ இல்லாத) ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் ஒரு வினாத்தாள் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்தவர் கோணத்தில் யோசிப்பதில் இவர்கள் குறைவாக எடுத்தார்கள். அடுத்தவர் மேல் அக்கறைப்படுவதில் மற்றவர்களுக்குச் சமம். அடுத்தவர் துன்பத்தைப் பார்த்துத் தானே கலங்கிப்போவதில் மற்றவர்களைவிட அதிகம். இந்த மூன்றாவதைத்தான் யாரும் வெளியே சொல்வதில்லை. அதிகமாகக் கலங்குகிறவர் விலகி ஓடுவார், காதைப் பொத்துவார், உங்கள் மகன் மாதிரி அடித்தும் நிறுத்தப் பார்ப்பார். பார்க்கிறவர்கள் அதை 'இரக்கமில்லை' என்று எழுதிக்கொள்கிறார்கள்.

சரி, 'அடுத்தவர் மனசு தெரியாது' என்ற பேச்சு எங்கே தொடங்கியது? பெரும்பகுதி 1985இல் வந்த ஒரு சின்ன ஆய்வில். சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் லண்டனில் செய்தது. இரண்டு பொம்மைகள், சாலி, ஆன். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாத நேரத்தில் ஆன் அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்துவிடுகிறாள். சாலி திரும்பி வந்தால் எங்கே தேடுவாள்? மாற்றி வைத்தது அவளுக்குத் தெரியாது, அதனால் கூடையில்தான் தேடுவாள். ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பிள்ளைகளில் 12 பேர் கூடையைக் காட்டினார்கள்.

சாலிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கணிப்பதில் பலருக்குச் சிரமம் என்பது மட்டும்தான் இதில் இருக்கிறது. கோலியைக் காணோமே என்று சாலி அழுதால் இந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அந்தச் சோதனை கேட்கவே இல்லை. சரியாகச் சொன்ன நாலு பேரையும் பயிற்சி வகுப்புகளில் விட்டுவிடுகிறார்கள். நாற்பது வருஷமாகப் பவர்பாயின்ட்டில் நகல் எடுத்து எடுத்து, 'கணிக்கச் சிரமம்' என்றிருந்தது 'இரக்கம் கிடையாது' என்று ஆகிவிட்டது.

பேரன்-கோஹனே பின்னாளில் இரண்டையும் பிரித்துத்தான் பேசினார். ஊகிப்பது வேறு, உள்ளே தொடுவது வேறு. ஆனால் பயிற்சி கொடுக்கிறவர்களின் ஸ்லைடு மாறவில்லை.

வாளையார்_லாரி – வாளையார்

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது டீச்சர். கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒன்று கேட்கிறேன். இந்த ஆய்வில் உட்கார்ந்து வினாத்தாள் நிரப்புகிறவர்கள் யார்? படித்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள். என் மகளுக்கு 15 வயது. பேச்சு இல்லை. அவள் அம்மா அழுதால் சிரிக்கிறாள். லேசாக இல்லை, வாய்விட்டு. மாமனார் தவறியபோது என் மனைவி அழ அழ இவள் கைதட்டிச் சிரித்தாள். கூடியிருந்த சனம் பார்த்த பார்வை இருக்கே.

நான் வாரத்தில் பாதி நாள் வண்டியில். வீட்டில் எல்லாம் மனைவிதான். மகள் இவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் காயமாகி, மறுநாளும் மகளுக்கே சோறு ஊட்டுகிறாள். அவளிடம் போய் 'உள்ளுக்குள்ளே பாசம் பொங்குது, உனக்குத்தான் தெரியல' என்று சொன்னால் என்ன ஆகும்? பழி அவள் தலையில் விழுகிறது.

மலைச்சாரல்

அண்ணா, முதல் கேள்வி நியாயமானது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பேசத் தெரிந்த, அறிவுக் குறைபாடு இல்லாதவர்களை வைத்துத்தான். பேச்சு இல்லாத, அதிக உதவி தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி அதே உறுதியோடு யாராவது பேசினால் நம்பாதீர்கள். 'இருக்கிறது' என்று அடித்துச் சொல்கிறவர்களையும் சேர்த்துத்தான்.

சிரிப்பு பற்றி மட்டும் ஒன்று. அழுகிற முகம் சுருங்குகிறது, குரல் ஏறி இறங்குகிறது. அதன் பொருள் பிடிபடாமல், வழக்கத்துக்கு மாறான காட்சியாக மட்டும் அதைப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. பதற்றம் தாங்காமல் சிரிக்கிறவர்களும் உண்டு. உங்கள் மகள் எதில் சேருவாள் என்று போனில் பார்த்துச் சொல்ல முடியாது. சிரித்த பிறகு அவள் உடம்பு எப்படி இருக்கிறது? தளர்வாகவா, விறைப்பாகவா? அன்று ராத்திரி தூங்குகிறாளா? இதை உங்கள் மனைவி கவனித்திருப்பார்.

வாளையார்_லாரி

கேட்டுச் சொல்கிறேன். தூக்கம் என்றைக்குமே சரியில்லை.

செங்கோட்டை_வண்டி – செங்கோட்டை

எனக்கு ஆட்டிசம். முப்பது தாண்டித்தான் திருவனந்தபுரத்தில் கண்டுபிடித்தார்கள். இப்போது புனலூரில் ரப்பர் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இந்த மாதிரி இழைகளில் எங்களைப் பற்றி நாங்கள் இல்லாமலே பேசிக்கொண்டிருப்பார்கள், அதனால் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் அப்பா இறந்த அன்று நான் அழவில்லை. பந்தல்காரருக்கு எத்தனை நாற்காலி, யார் எந்த வண்டியில் வருகிறார்கள், கேதம் கேட்க வருகிறவர்களுக்குத் தண்ணீர், தேநீர், எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா நாலு பேர் கேட்கிற மாதிரி, "கல்லு மாரி நிக்கான் பாரு" என்றார். அம்மாவுக்குச் சர்க்கரை. அந்தக் களேபரத்தில் காலை மாத்திரையும் நாலு இட்லியும் அவள் கையில் கொடுத்தது நான்தான். மாரடித்து அழுத பத்துப் பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. நான் அவர்களை 'இரக்கமில்லாதவர்கள்' என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டேமியன் மில்ட்டன் என்று இங்கிலாந்தில் ஒரு சமூகவியலாளர். அவரும் ஆட்டிசம் உள்ளவர். 2012இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று இந்தப் பேச்சின் திசையையே மாற்றியது. இரண்டு பேருக்குள் புரிதல் நடக்கவில்லை என்றால் பிழையை ஏன் ஒருவர் தலையில் மட்டும் கட்டுகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு உங்கள் முகம் படிக்க வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். என் முகம் உங்களுக்குப் படிக்க வருகிறதா? வரவில்லை. பெரியப்பாவுக்கு வரவில்லை. ஆனால் மருத்துவச் சீட்டில் குறைபாடு என் பெயரில்தான் ஏறுகிறது.

தமிழ்நாடு–கேரள எல்லையோரம் இருக்கிற நமக்கு இது புதுசா என்ன? ஆரியங்காவு தாண்டி ஒரு கடையில் நம் ஆள் நாலு வார்த்தை பேசினால் சண்டைக்கு நிற்கிறார் என்று அங்கே நினைப்பார்கள். அவர்கள் அடங்கிய குரலில் பேசினால் நம் ஆளுக்கு அது ஒட்டாத பேச்சு. இதில் யாருக்கு மனசு இல்லை?

2017இல் நோவா சாஸன் குழு அமெரிக்காவில் ஒன்று செய்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில விநாடிக் காட்சிகளை மற்றவர்களிடம் காட்டி, இவரோடு பழகுவீர்களா என்று கேட்டார்கள். ஆட்டிசம் இருக்கிறது என்று சொல்லாமலேயே, அவர்களோடு பழகும் விருப்பம் குறைந்தது. அதே பேச்சை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் போய்விட்டது. அதாவது நாங்கள் சொல்வதில் குறையில்லை. கண், குரல், உடம்பு அசைகிற விதம் பிடிக்கவில்லை. இப்படி முதல் பார்வையிலேயே ஒதுக்கிவிட்டு, அப்புறம் 'இவனுக்குப் பழகத் தெரியாது' என்பது வேடிக்கை.

எடின்பரோவில் கேத்தரின் குரோம்ப்டன் செய்த ஆய்வையும் சொல்ல வேண்டும். ஒருவர் காதில் கதை சொல்லி, அவர் அடுத்தவருக்குச் சொல்லி, அப்படியே கடத்துவது. 2020இல் வந்த முடிவு இது: ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்கள் வரிசையைப் போலவே நன்றாகக் கடந்தது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. அதே குழு இன்னும் அதிகம் பேரை வைத்து மறுபடி செய்து 2025இல் வெளியிட்டபோது மூன்று வரிசைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் முதல் முடிவை மட்டும் பகிர்கிறார்கள், அதனால் இரண்டையும் சொல்கிறேன். எப்படிப் பார்த்தாலும் எங்களால் சேதி கடத்த முடியாது என்பது இரண்டிலும் இல்லை.

களியக்காவிளை_நர்ஸ் – களியக்காவிளை

நான் செவிலியர், எல்லைக்கு அந்தப் பக்கம் பணி. 'மூளையில் அந்தப் பகுதி' என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

அலெக்ஸிதைமியா என்று ஒன்று இருக்கிறது. தனக்கு உள்ளே நடப்பது பயமா, பசியா, துக்கமா என்று தனக்கே இனம் பிரிக்கச் சிரமப்படுவது. 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் வைத்த பெயர். இது தனி நோய் இல்லை, ஆட்டிசமும் இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது இருக்கிறது, மற்றவர்களில் நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வந்த கணக்கு.

2010இல் ஜெஃப்ரி பேர்ட், தானியா சிங்கர் முதலியோர் மூளை ஸ்கேன் எடுத்தார்கள். நெருங்கியவர் ஒருவருக்கு வலி தரப்படும்போது பார்த்துக்கொண்டிருப்பவரின் மூளையில் இன்சுலா என்ற பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று. அந்த வேலை கூடுவதும் குறைவதும் அலெக்ஸிதைமியாவோடு சேர்ந்து போனது, ஆட்டிசத்தோடு இல்லை. அந்தக் குழுவிலும் ஊட்டா ஃப்ரித் இருந்தார் என்பது கவனிக்க வேண்டியது. மேலே டீச்சர் சொன்ன 1985 ஆய்வைச் செய்தவர்தான். ஆக, ஆட்டிசம் என்றாலே அந்தப் பகுதி செத்துப்போச்சு என்று சொன்னவரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேளுங்கள்.

'வளர்ந்தால் ஆபத்து' பேச்சு இன்னும் மோசம். அடுத்தவர் வலியைப் பற்றிக் கவலையே படாத குணம் வேறு, அதற்கு மனநல மருத்துவத்தில் வேறு பெயர். அதே 2010இல் ஆலிஸ் ஜோன்ஸ், எஸ்ஸி வீடிங் முதலியோர் இரண்டு வகைப் பையன்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். அந்தக் குணச்சாயல் உள்ள பையன்களுக்கு அடுத்தவர் மனதில் ஓடுவது நன்றாகவே தெரிந்தது, கவலைதான் இல்லை. ஆட்டிசம் உள்ள பையன்களுக்குத் தெரிந்துகொள்வது சிரமமாக இருந்தது, கவலை இருந்தது. இரண்டும் நேர் எதிர். மச்சினருக்கு இந்தப் பத்தியை மட்டும் வெட்டி அனுப்புங்கள் அக்கா.

பாறைக்காற்று

அனுப்பியாச்சு. நீலக் குறி வந்துவிட்டது, பதில் வரவில்லை.

புதூர்க்காரன் – கம்பம்

எனக்கு ஒரு சந்தேகம். அப்படியென்றால் இப்போது முகநூலில் வருகிற மாதிரி, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட இரக்கம் ஜாஸ்தி, எல்லாம் தெய்வக் குழந்தைகள் என்பதுதான் உண்மையா? ஏப்ரல் 2 வந்தால் எங்கள் ஊரில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு இதைத்தான் மேடையில் பேசுகிறார்கள்.

செங்கோட்டை_வண்டி

தயவுசெய்து அந்தப் பக்கமும் போக வேண்டாம். என் முதலாளிக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது எனக்கு ஒரு இரக்கமும் வரவில்லை. மூன்று வருஷமாகச் சம்பளம் ஏற்றவில்லை, வராது. மற்றவர்களில் இரக்கம் கூடியவர், குறைந்தவர், தேவைக்குத் தகுந்த மாதிரி வைத்திருப்பவர் என்று இருக்கிறார்கள் அல்லவா? எங்களிலும் அப்படித்தான். தெய்வம் ஆக்கினால் ஒரு நாள் கோபப்பட்டாலும் சாமி இறங்கிவிட்டது என்பார்கள்.

வாளையார் அண்ணனுக்கு ஒன்று. உங்கள் மனைவிக்கு வலிக்கிறது என்பதும், உங்கள் மகளுக்கு மனசு இருக்கிறதா என்பதும் தனித்தனி. இரண்டாவதற்குப் பதில் தெரியும் வரை முதலாவது காத்திருக்க வேண்டியதில்லை. முடி இழுப்பதை நிறுத்த உதவி வேண்டும், அவருக்கு ஓய்வு வேண்டும். யாரும் பாசக்கதை சொல்லி அதைத் தள்ளிப்போடக் கூடாது.

வாளையார்_லாரி

இதைச் சொன்னதற்கு நன்றி தம்பி. வீட்டில் படித்துக் காட்டினேன். ஒரு விஷயம் சொன்னாள். சாவு வீட்டில் சிரித்த அன்று ராத்திரி முழுக்க மகள் தூங்கவில்லையாம், தாத்தா உட்காரும் நாற்காலியை வாசலுக்கும் உள்ளேயும் இழுத்துக்கொண்டே இருந்தாளாம். எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கமாட்டேன். ஆனால் முடி இழுப்பது அர்த்தம் தெரிந்தாலும் வலிக்கத்தான் செய்யும்.

மலைச்சாரல்

அதை இரண்டு வாரம் எழுதி வையுங்கள் அண்ணா. இழுப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, எந்த நேரம், பசியா, மாதவிலக்கு நாளா, வீட்டில் யார் வந்திருந்தார்கள். பேச்சு இல்லாத பெண் பிள்ளைகளுக்கு வயிற்று வலி, பல் வலி இவையெல்லாம் இப்படித்தான் வெளியே வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். தாளை எடுத்துக்கொண்டு போனால் எந்த டாக்டரும் ஐந்து நிமிஷத்தில் அனுப்பமாட்டார்.

பாறைக்காற்று

எனக்கு இன்னொரு குமுறல். பையனை மதிப்பீட்டுக்குக் கூட்டிப்போன இடத்தில் முகப் படங்களைக் காட்டி, இந்தக் குட்டிக்கு என்ன தோன்றுகிறது என்று மலையாளத்தில் கேட்டார்கள். இவனுக்குக் கடைக்குப் போய் வாங்கி வரும் அளவு மலையாளம் உண்டு. கோபம், ஏமாற்றம், பொறாமை எல்லாம் இவன் தமிழில்தான் கேட்டு வளர்ந்தவன். ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. அறிக்கையில் 'பிறர் உணர்ச்சியை இனங்காண்பதில் கடும் குறை' என்று வந்துவிட்டது. அதே படங்களை வீட்டில் நான் காட்டியபோது பாதிக்கு மேல் சொன்னான். ஒரு முகத்தைக் காட்டி, "இது நம்ம சித்தி கரன்ட் பில் பாத்த மூஞ்சி" என்றான்.

இதைச் சொன்னால், வீட்டிலும் மலையாளமே பேசுங்கள், இரண்டு மொழி அவனைக் குழப்புகிறது என்கிறார்கள். பாட்டிக்கு ஒரு வார்த்தை மலையாளம் வராது.

மலைச்சாரல்

சித்தி பில் பார்த்த மூஞ்சி! அந்தப் பையனுக்கு இரக்கம் இல்லையாம்.

மொழியை விடாதீர்கள். இரு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிடப் பேச்சில் பின்தங்குவதில்லை என்றுதான் இதுவரை வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டியோடு பேச முடியாமல் ஆக்கினால் அவனுக்குக் கிடைக்கும் பேச்சுதான் குறையும். எங்கள் தோட்டத் தொழிலாளர் லய வீடுகளிலும் இதே கதை. வீட்டில் தமிழ், சோதனை மலையாளத்தில். மறுமதிப்பீடு கேட்டு எழுதிக் கொடுங்கள், தமிழ் தெரிந்தவர் உடனிருக்க வேண்டும் என்று அதிலேயே குறிப்பிடுங்கள். பாலக்காடு எல்லைப் பக்கம் தமிழ் தெரிந்த ஊழியர் கிடைப்பது ஒன்றும் அதிசயமில்லை.

சுற்றுலாவுக்கு: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் 21 வகைகளில் ஒன்று. அதன் 16ஆவது பிரிவு, பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும், பிள்ளைக்குத் தேவையான ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்கிறது. சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம். 'அவனோடு ஒருவர் வருவோம், காதுக்கவசம் இருக்கும், யாராவது அழுதால் அவனை நாங்கள் நகர்த்திக்கொள்வோம்' என்று முதலில் உங்கள் ஏற்பாட்டை எழுதுங்கள், பிரிவு எண் கடைசி வரியில் வரட்டும். தமிழிலும் மலையாளத்திலும் கொடுங்கள்.

வகுப்பில் அவனுக்கு அடிக்கு மாற்றாக ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒரு அட்டை. ஒரு பக்கம் 'வெளியே போகிறேன்', மறுபக்கம் டம்ளர் படம். அழுகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு அவன் வராந்தாவுக்குப் போகலாம். உங்கள் தலைவலிக்கு விளக்கணைக்கிற பிள்ளைக்கு இது தூரமில்லை. கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம் என்று யாராவது கிளம்பினால் விடாதீர்கள். அது பார்க்கிறவர்கள் திருப்திக்கு.

புதூர்க்காரன்

காதுக்கவசம் எங்கே வாங்குவது? ஆன்லைனில் பிள்ளைகளுக்கு என்று போட்டால் விலை எகிறுகிறது.

களியக்காவிளை_நர்ஸ்

தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். மரம் அறுக்கிறவர்கள் போடுவது. தலை வளையத்தைச் சிறுசாக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சத்தம் முழுக்க நிற்காது, குறையும். நாள் முழுக்க மாட்டி வைக்காதீர்கள், அப்புறம் சின்னச் சத்தமும் தாங்காமல் போகும்.

வாளையார்_லாரி

நர்ஸ் அம்மா, ஒன்று கேட்கிறேன். மகளுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் எடுத்தபோது 40 கேள்விக்கு மதிப்பெண் போட்டார்கள். அதில் உணர்ச்சி என்று ஒரு தலைப்பு இருந்தது. அதில் கூடுதலாக வாங்கியிருக்கிறாள். அதுதான் இரக்கம் இல்லை என்று போட்டிருக்கிறார்களோ?

களியக்காவிளை_நர்ஸ்

இல்லை அண்ணா. அது ஐசா என்று சொல்லும் இந்திய அளவுகோல். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை, மொத்தம் 70 தொட்டால் ஆட்டிசம் என்று கொள்வார்கள். உணர்ச்சிப் பகுதியில் கேட்பது, சூழலுக்குப் பொருந்தாமல் உணர்ச்சி காட்டுகிறாளா, மிகைப்படுத்திக் காட்டுகிறாளா, ஆபத்துக்குப் பயப்படுகிறாளா, காரணம் தெரியாமல் பரபரக்கிறாளா என்பதுதான். வெளியே தெரிவதைப் பார்த்து எழுதுவது. அடுத்தவர் மேல் அக்கறை உண்டா இல்லையா என்று அதில் ஒரு கேள்வியும் கிடையாது. அந்தத் தாள் உதவித்தொகைக்கும் அட்டைக்கும். அதை வைத்துப் பிள்ளையின் குணத்தை யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

வாளையார்_லாரி

சரி. இன்னும் மூணு வருஷத்தில் அவளுக்குப் பதினெட்டு. பாதுகாவலர் எழுதி வாங்க வேண்டும் என்கிறார்கள். நாங்கள் இருப்பது இந்தப் பக்கம், ரேஷன் கார்டு அந்தப் பக்கம். எங்கே போடுவது?

களியக்காவிளை_நர்ஸ்

1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுதான் அதைத் தீர்மானிக்கும். கார்டு எல்லை தாண்டி இருப்பதுதான் உங்கள் சிக்கல். அதைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள் அண்ணா. செங்கோட்டையிலும் கம்பத்திலும் இதே நிலைமையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், இங்கே போட்டால் காணாமல் போய்விடும்.